குவாதலூப்பில் 6 இரவு: எங்கே தூங்குவது என்பதிலிருந்து தொடங்குங்கள்

கரீபியன் தீவான குவாதலூப்புக்குப் போக நினைக்கும் தம்பதிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். முதலில் விமானச் சீட்டு. அடுத்து, படத்தில் பச்சை நீலமாகத் தெரியும் சேன்ட்-ஆன் கடற்கரைப் பக்கம் ஓர் அறை, மொத்த நாளுக்கும். மூன்றாம் நாள் காலையில் எரிமலைக்குப் போகக் கிளம்பும்போதுதான் சிக்கல் தெரியும். ஏழரை மணிக்கு, தீவின் இரு பகுதிகளையும் இணைக்கும் பாலத்தருகே கார்கள் நகராது. மலையடிவாரத்தை அடையும்போது உச்சியை மேகம் மூடியிருக்கும். திரும்பும்போது மறுபடி அதே பாலம், அதே நெரிசல். குறுகிய பயணத்தில் இப்படி இரண்டு நாள் போனால் மிஞ்சுவது என்ன?

இந்தத் தீவில் எதைப் பார்ப்பது என்பதைவிட எந்த இரவு எங்கே தங்குவது என்பதுதான் முதல் கேள்வி. அதைச் சரியாக வைத்துவிட்டால் மீதி தானாக அமையும்.

காரணம் நிலத்தின் அமைப்பு. குவாதலூப் என்பது ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தீவுகள். மேற்கே பாஸ்-தேர்: எரிமலை, மழைக்காடு, அருவி, கறுப்பும் செம்மஞ்சளுமான மணல். கிழக்கே கிராந்த்-தேர்: சுண்ணாம்புக்கல் சமவெளி, கரும்புக் காடு, பவளத்திட்டு தடுத்துவைத்த அமைதியான கடல், வெள்ளை மணல். இரண்டுக்கும் நடுவே ரிவியேர் சாலே என்ற குறுகிய உப்புநீர்க் கால்வாய். அதைக் கடக்க இரண்டே பாலங்கள். விமான நிலையம், துறைமுகம், ஜாரி தொழிற்பேட்டை, தெஸ்ட்ரெலான் வணிக வளாகம் எல்லாம் அந்தப் பாலங்களைச் சுற்றியே இருப்பதால், தீவின் பாதிப்பேர் தினமும் அங்கே வந்து போகிறார்கள். காலை ஆறரை முதல் ஒன்பது வரையும் மாலை நான்கு முதல் ஆறரை வரையும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

மழையும் காற்றும் இதே கணக்குதான். கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து சூஃப்ரியேர் எரிமலையில் மோதிக் கொட்டுகிறது. அந்த உச்சியில் ஆண்டுக்கு 10 மீட்டர் அளவு மழை. கிழக்குக் கோடியிலுள்ள சமவெளியில் அதில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே ‘இன்று குவாதலூப்பில் மழை’ என்று கைப்பேசி சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும்.

ஆகவே 6 இரவை இப்படிப் பிரிப்பது நல்லது: மேற்குக் கரையில் தெஹே அல்லது புயாந்த் ஊரில் 3 இரவு, தெற்கே லே சேன்ட் தீவுக்கூட்டத்தில் தேர்-த-ஓ என்ற குட்டித் தீவில் 1 இரவு, கடைசியாக சேன்ட்-ஆன் பக்கம் 2 இரவு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். ஏன் என்பது கீழே வரும்.

விசா: இங்கேதான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்

குவாதலூப் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். யூரோ நாணயம், ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி. ஆனால் ஷெங்கன் வளையத்தில் இல்லை. கையில் ஷெங்கன் விசா இருக்கிறது, பாரிஸிலிருந்து உள்நாட்டு விமானம் மாதிரிதானே என்று இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுடன் ஓர்லி விமான நிலையத்துக்குப் போனால் ஏற்ற மாட்டார்கள். பிரெஞ்சுத் தூதரகத்தில் விண்ணப்பிக்கும்போதே சேருமிடம் குவாதலூப் என்று குறிப்பிட்டு, கடல்கடந்த மாவட்டத்துக்குச் செல்லும் என்று குறிக்கப்பட்ட விசா வாங்க வேண்டும். பாரிஸ் வழியாகப் போகிறவர்களுக்கு இன்னொரு முடிச்சு. சார்ல் த கோல் விமான நிலையத்தில் இறங்கி ஓர்லிக்கு மாறும்போது ஷெங்கனுக்குள் நுழைகிறீர்கள். திரும்பி வரும்போது மறுபடி நுழைகிறீர்கள். அதனால் ஷெங்கன் விசா பலமுறை நுழைவுக்கானதாக இருக்க வேண்டும். பிரெஞ்சுக் குடியிருப்பு அட்டை உள்ளவர்களுக்கும் பிரிட்டிஷ், கனடிய, அமெரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கும் இந்தத் தொல்லை இல்லை. தம்பதியில் ஒருவர் கனடியர், மற்றவர் இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் விமானச் சீட்டுக்கு முன் விசாவை முடியுங்கள்.

பக்கத்திலிருக்கும் டொமினிக்காவுக்கோ ஆன்டிகுவாவுக்கோ ஒரு நாள் படகில் போய்வரலாமே என்ற ஆசை வரும். அவை தனி நாடுகள். ஒருமுறை நுழைவு விசாவோடு வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது. இந்த நாள் கணக்குக்கு அந்த ஆசையே வேண்டாம்.

பாரிஸிலிருந்து சுமார் எட்டரை மணி நேரப் பயணம். பெரும்பாலான விமானங்கள் ஓர்லியிலிருந்துதான். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே மாறுவதற்கு ஐந்து மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து இதற்காக மட்டும் கிளம்புவது உடம்புக்கும் பணத்துக்கும் கட்டுப்படியாகாது. பிரான்ஸ் பயணத்தோடு சேர்த்தால் அர்த்தமுண்டு. ஐரோப்பாவிலோ கனடாவிலோ இருக்கும் தம்பதிக்கு ஒரு வார விடுப்பே போதும்.

எப்போது

வறண்ட பருவம் ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. உள்ளூரில் அதை ‘கரேம்’ என்பார்கள். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதிலும் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரைதான் நெஞ்சைப் பிடிக்கும் காலம். 1989-இல் ஹூகோ, 2017-இல் மரியா, 2022-இல் ஃபியோனா, மூன்றும் செப்டம்பரில் வந்தவை. பிப்ரவரியில் பிரெஞ்சுப் பள்ளி விடுமுறை வருவதால் விமானக் கட்டணம் கையைக் கடிக்கும். மே மாதமும், நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் இரண்டு வாரமும் விலைக்கும் வானிலைக்கும் நடுவில் நல்ல சமரசம்.

ஆனால் மே என்றால் சர்காசம் பற்றி யோசிக்க வேண்டும். அட்லாண்டிக்கில் மிதந்து வரும் பழுப்புக் கடற்பாசி இது. 2011 முதல் பெருமளவில் கரையொதுங்குகிறது. மார்ச் முதல் செப்டம்பர் வரைதான் அதிகம். கரையில் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அதாவது அழுகிய முட்டை நாற்றம். கிழக்கும் தெற்கும் பார்த்த கரைகள்தான் அடிவாங்கும்: ல மூல், சேன்-ஃபிரான்சுவாவின் சில பகுதிகள், சேன்ட்-ஆன் அருகேயுள்ள புவா ஜோலான், பாஸ்-தேரின் கிழக்கே கபெஸ்தேர், கொயாவ். மேற்குப் பார்த்த தெஹே, புயாந்த், வடக்கே போர்-லுயி ஆகியவை பெரும்பாலும் தப்பிக்கும். மேத்தேயோ-பிரான்ஸ் வானிலை நிறுவனம் சர்காசத்துக்கென்றே அறிக்கை வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முந்தின வாரம் அதைப் பாருங்கள். கிழக்குக் கரை மோசம் என்றால் கடைசி 2 இரவைப் போர்-லுயி பக்கம் மாற்றலாம். அதனால்தான் அந்த இரண்டு இரவுக்கு மட்டும் இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையாகப் பதிவுசெய்யச் சொல்வது.

கார், அறை, தண்ணீர்

கார் இல்லாமல் இந்தத் தீவு இல்லை. பேருந்து மாலை ஆறு மணிக்குமேல் கிடைக்காது, ஞாயிற்றுக்கிழமை மறந்துவிடுங்கள். வண்டி வலது பக்கம் ஓடும். கியர் வண்டிதான் இயல்பு. தானியங்கி வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்பே பதிவுசெய்ய வேண்டும். முன்பணத்தைப் பிடித்துவைக்க ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். டெபிட் கார்டை நீட்டினால் பல கவுன்டர்களில் தலையாட்டமாட்டார்கள். விலையுயர்ந்த காப்பீட்டை அங்கேயே தலையில் கட்டுவார்கள். மொழி புரியாமல், எட்டரை மணி நேரம் பறந்த களைப்பில் கையெழுத்துப் போடுவது அப்போதுதான். வண்டியை எடுக்கும்போது நான்கு பக்கமும் சக்கர விளிம்பும் தெரிய வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் விலையை மாவட்ட நிர்வாகமே நிர்ணயிப்பதால் எல்லா பங்கிலும் ஒரே விலைதான், மலிவு தேடி அலைய வேண்டாம். ஆனால் பல பங்குகள் இரவிலும் ஞாயிறன்றும் மூடியிருக்கும். பாதித் தொட்டிக்குக் கீழே விடாதீர்கள்.

தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப்போட்டால் ஏமாறுவீர்கள். விமான நிலையத்திலிருந்து தெஹே 40 கிலோமீட்டர்கூட இல்லை, ஒரு மணி நேரம் வையுங்கள். தெஹேயிலிருந்து மேற்குக் கரையோரமாக, லே சேன்ட் தீவுகளுக்குப் படகு கிளம்பும் த்ருவா-ரிவியேர் துறைக்குப் போக, வளைந்து வளைந்து ஒன்றே முக்கால் மணி நேரம்.

தங்குவதற்கு இங்கே பெரிய ஓட்டல்கள் குறைவு. ‘ஜீத்’ எனப்படும் தோட்ட வீடுகள்தான் இந்தத் தீவின் பலம். மரத்தாலான சின்ன வீடு, திண்ணையில் சமையலறை, கொசுவலை, சிலவற்றில் இருவர் இறங்குமளவு நீர்த்தொட்டி. கையில் பட்டை கட்டிவிட்டு மூன்று வேளையும் பரிமாறும் விடுதிதான் தேனிலவு என்று நினைப்பவர்களுக்கு டொமினிக்கன் குடியரசின் புன்டா கானாதான் பொருத்தம். அதில் குறையொன்றுமில்லை, ஆனால் அதை இங்கே தேடாதீர்கள்.

ஜீத் பதிவுசெய்யும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: ‘சித்தேர்ன்’ இருக்கிறதா? அதாவது தண்ணீர் சேமிப்புத் தொட்டி. குவாதலூப்பின் குழாய் வலையமைப்பு பழுதடைந்து பல ஆண்டாகிறது. ஊர் ஊராக முறைவைத்துத் தண்ணீரை நிறுத்துகிறார்கள். மழை கொட்டும் தீவில் குழாயில் காற்று வருவது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. ஆனால் கடலில் குளித்து உப்போடு வந்து நிற்கும்போது நகைச்சுவையாக இருக்காது. தொட்டியும் மோட்டாரும் உள்ள வீட்டில் இந்தப் பிரச்சினை தெரியவே தெரியாது. இரண்டாவது கேள்வி, ஜன்னலில் கொசுவலை உண்டா என்பது. மலேரியா இல்லை, டெங்கு உண்டு. ஜிகா 2016-இல் பெரிதாகப் பரவியது. குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதிகள் கிளம்பும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மின்சாரம் 230 வோல்ட். இரண்டு உருண்டை முனை கொண்ட இந்திய சார்ஜர் செருகிக்கொள்ளும், மூன்று முனை செருகாது.

மேற்குக் கரையின் மூன்று இரவுகள்

பாரிஸ் விமானங்கள் பெரும்பாலும் பிற்பகலில் இறங்கும். பெட்டி, கார் என்று வெளியே வரும்போது சரியாக மாலை நெரிசல். குளிர்காலத்தில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும், அந்திப்பொழுது என்று ஒன்று நீளவே நீளாது. தெஹேவுக்கு மழைக்காட்டை ஊடுருவும் டி23 மலைச்சாலையை வழிகாட்டிச் செயலி காட்டினாலும் முதல் நாள் அதில் போகாதீர்கள். வடக்கே சேன்ட்-ரோஸ் வழியாகச் சுற்றும் என்2 சாலைதான் பத்திரம். இறங்குவது ஞாயிறு என்றால் மதியத்துக்குமேல் கடை இருக்காது. இரவு உணவுக்கும் காலை காபிக்கும் வேண்டியதைப் பையிலேயே கொண்டுபோங்கள்.

பாரிஸுக்கும் இங்கும் நேர வித்தியாசம் குளிர்காலத்தில் 5 மணி, கோடையில் 6 மணி. முதல் இரண்டு மூன்று நாள் விடிகாலை நான்கு மணிக்கே கண் திறந்துவிடும். ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்கு இது வரம். சூஃப்ரியேர் ஏற்றம் இந்தத் தூக்கமில்லாத விடியலுக்குத்தான் உரியது. எரிமலையைப் பயணத்தின் கடைசிக்குத் தள்ளினால் எழுந்திருக்கவும் மாட்டீர்கள், மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள்.

சூஃப்ரியேர் 1467 மீட்டர், சிறிய ஆன்டிலீஸ் தீவுகளிலேயே உயர்ந்த இடம். 1976-இல் அது குமுறியபோது 70,000-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். 1999 முதல் எச்சரிக்கை நிலை மஞ்சளில் நிற்கிறது. சேன்-குளோத் ஊருக்கு மேலே, சுமார் 950 மீட்டர் உயரத்தில் பேன் ஜோன் என்ற இடத்தில் வண்டியை விட வேண்டும். அங்கிருந்து காட்டுக்குள் கல் பாவிய பாதையில் சவான் அ முலே வரை எளிது. அதற்குமேல் மரமில்லை, காற்றும் பாசியும்தான். போய்வர மூன்றரை நான்கு மணி நேரம். ஆறரைக்கு ஏறத் தொடங்கினால் ஒன்பதுக்குள் மேலே இருக்கலாம். பத்துக்குமேல் மேகம் இறங்கிவிடும். மழைச்சட்டை, ஒரு ஸ்வெட்டர், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், அடிப்பாகம் பிடிக்கும் ஷூ. மேலே வாயு கக்கும் பள்ளங்களின் பகுதி தடைசெய்யப்பட்டிருக்கிறது. கயிற்றைத் தாண்டிப் படமெடுப்பவர்களைப் பார்ப்பீர்கள். அந்த வாயு நுரையீரலை எரிக்கும், அவர்கள் பின்னால் போகாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் சவான் அ முலேயோடு திரும்புவது மேல்.

இறங்கியதும் பேன் ஜோன் வெந்நீர்த் தொட்டியில் காலை நனைக்கத் தோன்றும். காலோடு நிறுத்துங்கள். தீவின் வெந்நீர் ஊற்றுகளில் நெக்லேரியா ஃபவுலேரி என்ற அமீபா கண்டறியப்பட்டிருக்கிறது. 2008-இல் அப்படிக் குளித்த ஒரு சிறுவன் இறந்தான். அது மூக்கு வழியாக ஏறுகிறது. எனவே தலையை முக்காதீர்கள் என்று பலகை இருக்கும். பிரெஞ்சு தெரியாதவர்கள் அதைப் பார்த்துவிட்டு முங்கிக் குளிப்பதும் நடக்கிறது.

வரிசையில் இன்னொரு கணக்கு உண்டு. புயாந்த் ஊரின் மலாந்தூர் கடற்கரைக்கு எதிரே பிஷோன் என்ற இரண்டு சிறு தீவுகள். சுற்றிலும் கடலாய்வாளர் குஸ்தோவின் பெயரால் அழைக்கப்படும் கடல் காப்பகம். முதல்முறை ஸ்கூபா இறங்குகிறவர்களை 6 மீட்டர் ஆழத்துக்குமேல் கொண்டுபோக மாட்டார்கள், இருந்தாலும் டைவ் செய்த அன்றோ மறுநாள் காலையோ மலையேறக் கூடாது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் அழுத்தம் குறையும்போது குமிழியாகும். விமானத்துக்கும் 24 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஆகவே முதலில் எரிமலை, அதற்கு மறுநாள் கடல். டைவ் முடித்து டி23 மலைச்சாலையில் திரும்புவதுகூட 600 மீட்டர் உயரம்வரை ஏற்றம்தான், கரையோரச் சாலையிலேயே போங்கள். ஸ்கூபா வேண்டாம் என்பவர்களுக்கு முகமூடியும் குழாயும் போதும். மலாந்தூர் கரையிலிருந்து ஐம்பது அறுபது மீட்டர் நீந்தினாலே கடற்புல் மேயும் பச்சை ஆமைகள் இருக்கும். தொடாதீர்கள், மேலேறி மூச்சு வாங்கும் ஆமையின் வழியை மறிக்காதீர்கள். காலை ஒன்பதுக்கு முன் போனால் நீர் தெளிவு, கூட்டமும் இல்லை. தீவு வரை துடுப்புப் படகிலும் போகலாம், அரை மணி நேரம். திரும்பும்போது காற்று எதிர்க்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

தெஹேயின் கிராந்த் ஆன்ஸ் கடற்கரை நீளமானது, மணல் தங்க நிறம். டிசம்பர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து பேரலை வரும் நாட்களில் கரையருகே திடீரென்று ஆழமாகி இழுக்கும். நீச்சல் தெரியாதவர் முழங்காலோடு நின்றுகொள்ளட்டும். கரையோர மரங்களில் சிவப்புப் பட்டை தீட்டியிருந்தால் அது மாஞ்சினீல். சின்ன ஆப்பிள்போல் காய்க்கும், கடித்தால் தொண்டை வெந்துபோகும். மழைக்கு அதனடியில் ஒதுங்கினால் சொட்டும் நீரே தோலைப் புண்ணாக்கும். நம் ஆட்கள் நிழலைக் கண்டால் துண்டு விரிப்பவர்கள், அதனால் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேர்-த-ஓ: ஒரு இரவாவது

லே சேன்ட் தீவுகளுக்கு எல்லோரும் பகல் பயணமாகப் போகிறார்கள். காலைப் படகில் நானூறு ஐந்நூறு பேர் இறங்கி, ஒரே தெருவை நிரப்பி, மாலை நான்கு மணிப் படகில் கிளம்பிவிடுவார்கள். அதன்பிறகுதான் அந்தத் தீவு தீவாகிறது. சுமார் 5 சதுர கிலோமீட்டர் நிலம், ஒரு மீனவக் கிராமம், விளக்கேற்றிய விரிகுடா. இருவருக்கான பயணத்தில் ஒரு இரவைச் செலவிட இதைவிட நல்ல இடம் குவாதலூப்பில் இல்லை. அறை குறைவு, முதலில் பதிவுசெய்ய வேண்டியது இதைத்தான். மீதித் தேதிகளை இதை ஒட்டி நகர்த்துங்கள்.

புவாந்த்-அ-பித்ர் நகரிலிருந்தும் படகு உண்டு, ஆனால் நேரம் இரட்டிப்பு. த்ருவா-ரிவியேரிலிருந்து 25 நிமிடம்தான். இடையிலுள்ள கடலில் காற்று மோதும் நாளில் அந்த 25 நிமிடமும் வயிற்றைக் கலக்கும். குமட்டல் மாத்திரையை அரை மணி முன்னால் போட்டுக்கொண்டு, பின்பக்கம் நடுவில் உட்காருங்கள். துறையருகே கட்டண வாகன நிறுத்தம் இருக்கிறது. இரவு வண்டி அங்கே நிற்கும், கண்ணில் படும்படி எதையும் உள்ளே வைக்காதீர்கள். பெரிய பெட்டியை முந்தைய வீட்டுக்காரரிடம் விட முடியாது, ஏனெனில் அந்த வழியே திரும்பமாட்டீர்கள். டிக்கியில் பூட்டிவிட்டு, விலையுள்ளதெல்லாம் முதுகுப்பையில்.

நெப்போலியன் கோட்டை மதியம் பன்னிரண்டரைக்கு மூடிவிடும், ஏறுவதற்கு அரை மணி நேரம். பொம்பியேர் கடற்கரை மலைகளுக்குள் அடங்கிய குளம்போல அமைதி. அங்கே ஆடும் கோழியும் உங்கள் பையைச் சோதிக்கும், சாப்பாட்டைக் கட்டிவையுங்கள். பேன் த சுக்ர் பாறையடியில் மீன் பார்க்க நீந்தலாம். கிராந்த் ஆன்ஸ் என்ற இதே பெயரில் இங்கும் ஒரு கடற்கரை உண்டு, பார்ப்பதற்கு மட்டும், குளிப்பது ஆபத்து. ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைத்தாலும் கிராமத் தெருவில் பகலில் சில மணி நேரம் ஓட்டத் தடை. நடந்தே முடித்துவிடக்கூடிய தீவு, மின்சார வண்டி ஒன்று போதும். படகுத்துறையில் கூடை வைத்து விற்கும் ‘தூர்மான் தாமூர்’ என்ற தேங்காய்ப் பணியாரத்தை வந்திறங்கியதும் வாங்குங்கள். மாலையில் தீர்ந்துவிடும்.

கபெஸ்தேர் வழியாகக் கிழக்கே

காலைப் படகில் திரும்பினால் கார்பே அருவிக்கு நேரம் இருக்கும். இரண்டாம் அருவி 110 மீட்டர், நுழைவுக் கட்டணம் கட்டி இருபது நிமிடம் நடந்தால் மேடையிலிருந்து தெரியும். 2004 நிலநடுக்கத்துக்குப் பிறகு பாறை சரிவதால் அடிவாரத்தில் போய்க் குளிக்கும் எண்ணம் வேண்டாம். மேகம் மூடினால் அருவியே தெரியாது, பதினொன்றுக்குள் முடியுங்கள்.

அங்கிருந்து இறங்கினால் கபெஸ்தேர், வாழைத் தோட்டங்களின் நடுவே. என்1 சாலையோரம் ஷாங்கி என்ற இடத்தில் வண்ணச் சிலைகளோடு ஒரு மாரியம்மன் கோயில் நிற்கும். 1854 டிசம்பர் 24 அன்று ‘ஒரேலி’ கப்பல் புதுச்சேரியிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளோடு வந்து சேர்ந்தது. அடுத்த 35 ஆண்டுகளில் 42,000 பேர் வரை வந்தார்கள், பலர் புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் கப்பலேறியவர்கள். அவர்கள் கொண்டுவந்த மாரியம்மனை இங்கே ‘மாலியேமேன்’ என்றும் மதுரை வீரனை ‘மல்தெவிலேன்’ என்றும் அழைக்கிறார்கள். இவர்களின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்ற ஆன்ரி சிதம்பரம் இந்தக் கபெஸ்தேர்க்காரர்தான். கடைப் பலகைகளில் ராமசாமி, முத்துசாமி எல்லாம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் தென்படும். அதற்காகத் தமிழில் பேச்சுக்கொடுத்தால் பதில் வராது. வழிபாட்டுப் பாடல்களில் தவிர மொழி போய்விட்டது. கோயிலில் கிடாவெட்டு நடந்தால் அது ஒரு குடும்பத்தின் நேர்த்திக்கடன், கேட்காமல் படமெடுக்க வேண்டாம்.

அந்த வரவின் சுவை தட்டில் இருக்கிறது. ‘கொலொம்போ’ என்ற குழம்பு, மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு சேர்ந்த பொடியில் ஆட்டுக்கறியோ கோழியோ. நம் நாக்குக்குக் காரம் இருக்காது. காரம் தனியாக ஒரு சிறு கிண்ணத்தில் வரும், அது அவர்களின் ‘பிமான்’. அதைக் கரண்டியால் அள்ளாதீர்கள், ஸ்காட்ச் பானெட் வகை மிளகாய். சைவம் என்றால் இங்கே மீன் சேரும் என்று பலர் நினைக்கிறார்கள். ‘நி வியாந்த், நி புவாசோன், நி மொரூ’ என்று மூன்றையும் சொல்லுங்கள்: கறி வேண்டாம், மீன் வேண்டாம், கருவாடும் வேண்டாம். சவ்சவ் வேகவைத்துச் சீஸோடு சுட்ட கிரத்தேன், சிவப்புப் பயறு சோறு, பூசணி, வறுத்த வாழைப்பழம் என்று நன்றாகவே சாப்பிடலாம். எண்ணெயில் பொரித்த ‘பொக்கித்’ ரொட்டியில் வெறும் காய்கறியும் முட்டையும் வைத்துத் தருவார்கள். எண்ணெய் தனியா என்று பார்ப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டியதுதான். எங்கே நுழைந்தாலும் முதலில் ‘போன்ழூர்’. அதைச் சொல்லாமல் விலை கேட்டால் முகம் இறுகிவிடும், சேவையும் இறுகிவிடும்.

உணவகங்கள் மதியம் இரண்டுக்கு மூடி, இரவு ஏழுக்குத் திறக்கும். ஞாயிறு இரவும் திங்களும் பாதி மூடியிருக்கும். அந்த இரண்டு வேளையை ஜீத் சமையலறையில் முடிப்பதாகத் திட்டமிடுங்கள்.

செலவு, இருவருக்கு, விமானக் கட்டணம் நீங்கலாகத் தோராயமாக: அறை இரவுக்கு 100 யூரோ வீதம் 600, கார் நாளுக்கு 40 வீதம் 240, பெட்ரோல் 50, உணவு நாளுக்கு 80 வீதம் 480, படகு 50. கூட்டினால் 1420. ஸ்கூபாவும் அருவிக் கட்டணமும் இதற்குமேல். மளிகையின் விலை பிரான்சைவிடக் கூடுதல், கடல்வழி வரும் சரக்குக்குத் தனி வரி இருப்பதால். ஞாயிறு காலைச் சந்தையில் உள்ளூர்க் காய்களை வாங்குவது மட்டும்தான் மலிவு.

கடைசி இரண்டு இரவு

சேன்ட்-ஆன் பக்கத்தைக் கடைசியில் வைப்பதற்கு இரண்டு காரணம். ஒன்று, கால் வலித்து, தோல் கறுத்து, இனி ஒன்றும் செய்யத் தோன்றாத நேரத்துக்கு ஏற்ற கடல் இது. பவளத்திட்டுக்குள் இடுப்பளவு நீர், அலை இல்லை. கரவெல் கடற்கரையை ஒட்டி ஒரு விடுதி இருந்தாலும் மணல் பொதுவானது, யாரும் தடுக்க முடியாது. இன்னொன்று, விமான நிலையம் பாலத்தைத் தாண்டாமலே அரை மணி, முக்கால் மணி. இந்தப் பக்கம் ஒரே ஒரு வேலைதான் வைத்துக்கொள்ளுங்கள்: கிழக்குக் கோடியிலுள்ள புவாந்த் தே ஷாத்தோவுக்கு விடிகாலையில் போய், சிலுவை நிற்கும் குன்றில் ஏறிச் சூரியன் வருவதைப் பார்ப்பது. ஏழரைக்குமேல் வெயிலும் சுற்றுலா வண்டிகளும்.

திரும்பும் விமானம் பெரும்பாலும் மாலையில். அறையைக் காலை பத்துக்கே காலிசெய்யச் சொல்வார்கள். பதிவுசெய்யும்போதே தாமதமாக வெளியேறக் கேளுங்கள், அடுத்த விருந்தினர் இல்லையென்றால் இருபது முப்பது யூரோவுக்குச் சம்மதிப்பார்கள். இல்லையென்றால் கடற்கரையில் குழாய் உள்ள இடத்தில் குளித்துவிட்டு நேராகப் போக வேண்டியதுதான், அதற்கொரு உலர்ந்த உடையை மேலாக வையுங்கள். வெள்ளிக்கிழமை மாலை என்றால் மூன்று மணிக்கே கிளம்புங்கள். விமான நிலையத்தருகே பங்கில் வரிசை நிற்கும், முந்தின ஊரிலேயே தொட்டியை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கரும்புச்சாற்றில் வடித்த ரம் வாங்கினால் சரக்குப் பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். பிரெஞ்சு மண்ணிலிருந்து பிரெஞ்சு மண்ணுக்குத்தான் போகிறீர்கள் என்றாலும் வரிக் கணக்கில் இது வெளிநாடு, ஆளுக்கு ஒரு லிட்டர்தான் கணக்கு.